லப்-டப் 75: இதயப் பாடத்தை ராப்பாக எழுத வைத்து, ஸ்கிராட்ச்சில் தாளம் போட்டு, வீடியோவாக எடுப்பது எப்படி

எனக்குப் பாட வராது. ராப் சுத்தமாக வராது. நான் வாயைத் திறந்து நாலு வரி ராப் பாடினால் பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் டி.சி. கேட்டு வரிசையில் நிற்பார்கள். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். ராப் வைத்துப் பாடம் நடத்துவது என்றதும், தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆசிரியர் கரும்பலகைக்கு முன்னால் கை ஆட்டுவதுதான் பலருக்கு மனதில் வருகிறது. அது வேண்டவே வேண்டாம். முதல் நாள் சிரிப்பார்கள், மறுநாளிலிருந்து நம்மைப் போலச் செய்து காட்டுவார்கள். எழுத வேண்டியதும் பாட வேண்டியதும் பிள்ளைகள். நம் வேலை, பத்திரிகை ஆபீஸில் உதவி ஆசிரியர் உட்கார்ந்து செய்கிற வேலை: ஒவ்வொரு வரியையும் பிடித்துக்கொண்டு "இது உண்மையா? புத்தகத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்பது.

இந்த வழி நான் கண்டுபிடித்தது இல்லை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் இருந்த கிறிஸ்டோபர் எம்டின், வூ-டாங் கிளான் குழுவின் ராப்பர் ஜிஸாவோடு சேர்ந்து 2012-13இல் அந்த ஊரின் பத்து அரசுப் பள்ளிகளில் 'சயின்ஸ் ஜீனியஸ்' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அங்கேயும் மாணவர்கள்தான் எழுதினார்கள். பள்ளிகளுக்குள் போட்டி நடந்து, கடைசியில் எல்லாப் பள்ளிகளும் மோதின. இன்னொரு பக்கம், 2008இல் கேட் மெக்ஆல்பைன் என்பவர் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தின் சுரங்கத்திலேயே ஆடிப்பாடி எடுத்த ராப் வீடியோவை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அது நல்ல வீடியோதான். ஆனால் வகுப்புக்கு எனக்கு முதல் வகைதான் பிடிக்கும். பார்ப்பவனைவிட எழுதுபவன் அதிகம் கற்றுக்கொள்கிறான். ஒரு வரியை எதுகையில் அடக்க அவன் பாடத்தை நாலு தடவையாவது புரட்ட வேண்டியிருக்கிறது.

எந்தப் பாடத்தை எடுப்பது

எல்லாப் பாடமும் ராப்புக்கு ஆகாது. லென்ஸ் சமன்பாட்டை வைத்துக் கணக்குப் போடுவதை யாரும் ராப்பாக எழுத வேண்டாம். அது பேனாவால் போட்டுப் பழக வேண்டியது. ராப்புக்கு ஏற்றவை, ஒன்றன் பின் ஒன்றாக நடக்கிற விஷயங்கள்: செரிமானம், நீர் சுழற்சி, இரத்த ஓட்டம். அதோடு, பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். அப்போதுதான் பாட்டில் சண்டை வரும். சண்டை இல்லாத ராப் விளம்பரப் பாட்டு மாதிரி ஆகிவிடும்.

நான் எப்போதும் முதலில் எடுப்பது பத்தாம் வகுப்பின் இதயப் பாடம். அதே அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஸ்கிராட்ச் நிரலாக்கமும் (பிளாக்குகளை இழுத்து ஒட்டி நிரல் எழுதுவது) இருக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் அந்தக் கடைசிப் பாடத்தை மார்ச் மாதத்தில் 'நீங்களே படிச்சுக்கோங்க' என்று தள்ளிவிடுவோம். இதயத்தோடு சேர்த்து நடத்தினால் அதுவும் முடிந்துவிடும்.

தாளம் முதலில், வரி அப்புறம்

பாட்டு எழுதச் சொன்னதும் பிள்ளைகள் சினிமாப் பாட்டு மெட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வார்த்தைகளை மாற்றிப் போட்டுக் கொண்டு வருவார்கள். அதைத் தடுக்க ஒரே வழி, தாளத்தை முதலில் அவர்கள் கையில் கொடுத்துவிடுவது. இதயப் பாடத்துக்குத் தாளத்தை வெளியே தேட வேண்டாம், நெஞ்சுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓர் இதயச் சுழற்சிக்குப் புத்தகம் சொல்லும் நேரம் 0.8 வினாடி. ஆரிக்கிள் (மேலறை) சுருங்க 0.1, வெண்ட்ரிக்கிள் (கீழறை) சுருங்க 0.3, விரிந்து ஓய்வெடுக்க 0.4. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்று வைத்தால் ஒரு துடிப்புக்குச் சரியாக 0.8 வினாடி வருகிறது. இசை ஆப்களில் வேகத்தை 'நிமிடத்துக்கு இத்தனை அடி' என்றுதான் கேட்பார்கள். அங்கே 75 என்று போடுங்கள். ராப்புக்கு இது கொஞ்சம் நிதானமான வேகம். தொண்டை கட்டாமல், அறிவியல் சொற்களை முழுங்காமல் சொல்ல இந்த நிதானம் உதவுகிறது.

நான்கு அடி சேர்ந்தால் ஒரு வரி. அதாவது ஒரு வரிக்கு 3.2 வினாடி. ஒவ்வோர் அடிக்குள்ளும் 'தகதிமி' என்று நான்கு இடம். ஆக ஒரு வரியில் பதினாறு இடம். பிள்ளைகளிடம் பார், பீட் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். மேஜையைத் தட்டி 'தகதிமி தகதிமி தகதிமி தகதிமி' என்று சொல்ல வையுங்கள். பிறகு அவர்கள் எழுதிய வரியைத் 'தகதிமி'க்குக் கீழே எழுதச் சொல்லுங்கள். புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக எண்ண வேண்டாம், முந்தின எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பதினான்கு, பதினைந்து வந்தால் மூச்சு விட இடம் கிடைக்கும். பத்தொன்பது வந்தால் வரியை வெட்ட வேண்டும். ஊர்க் கோயில் கொடையில் கொட்டு அடிக்கிற வீட்டுப் பையன் ஒருவன் வகுப்பில் இருந்தால் அவன் கையில் இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். அவனுக்கு நீங்கள் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

ஸ்கிராட்ச்சில் லப்-டப்

ஸ்கிராட்ச்சை இணையம் இல்லாமலும் கணினியில் நிறுவி வைத்துக்கொள்ளலாம். திரையின் இடது கீழ் மூலையில் உள்ள பொத்தானை அழுத்தி 'மியூசிக்' என்ற கூடுதல் தொகுப்பைச் சேருங்கள். மத்தளப் படத்தோடு புதிய பிளாக்குகள் வரும்.

வெண்ட்ரிக்கிள் சுருங்கத் தொடங்கும்போது ஆரிக்கிள்களுக்கும் வெண்ட்ரிக்கிள்களுக்கும் நடுவில் உள்ள வால்வுகள் (வலப்பக்கம் மூவிதழ், இடப்பக்கம் ஈரிதழ்) மூடுகின்றன. அது 'லப்'. சுருங்கி முடிந்து விரியத் தொடங்கும்போது தமனிகளின் (இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்களின்) வாசல்களில் உள்ள அரைச்சந்திர வால்வுகள் மூடுகின்றன. அது 'டப்'. இரண்டுக்கும் நடுவில் சுமார் 0.3 வினாடி. இதை நிரலாக எப்படி எழுதுவது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஸ்கிராட்ச் வினாடியைக் கேட்காது, அடியைக் கேட்கும். ஓர் அடி 0.8 வினாடி என்றால் 0.3 வினாடிக்கு எத்தனை அடி? 0.3 வகுத்தல் 0.8, அதாவது 0.375. மிச்சம் 0.625. இந்த வகுத்தலைக் கணக்குப் பாடத்தில் கொடுத்தால் முனகுவார்கள். இங்கே தாளம் சரியாக வர வேண்டுமே என்று அவர்களே போடுவார்கள்.

நிரல் இவ்வளவுதான். டெம்போவை, அதாவது வேகத்தை, 75 என்று வை. திரும்பத் திரும்பச் செய்யும் பிளாக்குக்குள் இரண்டு மத்தள பிளாக்குகள்: முதலாவது 'பாஸ் டிரம்', 0.375 அடி. இரண்டாவது 'சைடு ஸ்டிக்', 0.625 அடி. பச்சைக் கொடியை அழுத்தினால் கணினிக்குள் ஒரு இதயம் ஓட ஆரம்பிக்கும். முதல் தடவை கேட்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும், அப்புறம் யாராவது ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து நடிப்பான். விட்டுவிடுங்கள்.

சிலர் இரண்டுக்கும் 0.5, 0.5 என்று போடுவார்கள். திருத்தாதீர்கள். ஓட்டிக் கேட்கச் சொல்லுங்கள். அது கடிகாரம் போல டிக்-டிக் என்றுதான் வரும், நெஞ்சு போல வராது. ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே ஓய்வு நேரம் நீளம் என்பது விளங்கும்.

அடுத்த படி, 'மாறி' (வேரியபிள்). 'ஆஸ்க்' பிளாக்கில் "உன் நாடித்துடிப்பு எவ்வளவு?" என்று கேட்க வைத்து, வரும் விடையை டெம்போவில் போடச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் மணிக்கட்டில் விரல் வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கிக்கொள்ளட்டும். கட்டைவிரலை வைக்க வேண்டாம், அதிலேயே நாடி துடிப்பது குழப்பும். அப்புறம் மைதானத்தை ஒரு சுற்று ஓடிவந்து மறுபடி எண்ண வேண்டும். ஒரே நிரல், உள்ளே போகும் எண் மட்டும் மாறுகிறது, தாளம் மாறுகிறது. மாறி என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. யாராவது குறும்புக்கு 5 என்றோ 5000 என்றோ அடிப்பார்கள். அப்போது 'இஃப்' பிளாக்கைக் கொண்டுவாருங்கள்: 40க்குக் கீழோ 200க்கு மேலோ இருந்தால் மறுபடி கேள்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. டெம்போவை 150 ஆக்கினால் நம் நிரலில் லப்-டப் இடைவெளியும் ஓய்வும் சம விகிதத்தில் பாதியாகின்றன. உண்மையான இதயத்தில் அப்படி நடப்பதில்லை. வேகம் கூடும்போது அதிகம் குறைவது ஓய்வு நேரம்தான்; சுருங்கும் நேரம் அவ்வளவு குறையாது. "அப்போ நம்ம நிரல் தப்பா டீச்சர்?" என்று கேட்பார்கள். தப்பில்லை, குறைபாடுள்ள மாதிரி. அதை எப்படிச் சரி செய்யலாம் என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடலாம்.

பாட்டின் அமைப்பும் நிரலுக்கு உதவும். பல்லவியை ஒரு தடவை எழுதிவைத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் எல்லாம் அழைக்கிறோம். ஸ்கிராட்ச்சில் 'மை பிளாக்ஸ்' பகுதியில் 'பல்லவி' என்று தமிழிலேயே பெயர் வைத்து ஒரு பிளாக் செய்யலாம். அதுதான் ஃபங்ஷன். கணினி அறிவியல் நடத்தும் என் தோழி பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் என்ற நிரல் மொழி. எண்களை வரிசையாகத் தரும் 'ரேஞ்ச்' கட்டளையைப் பற்றி அவள் பிள்ளைகள் எழுதிய இரண்டு வரி இன்னும் எனக்கு மனப்பாடம்:

ரேஞ்சு பத்துன்னு சொன்னா பத்து வராது
சைபரில தொடங்கி ஒம்பதத் தாண்டாது

நிரலாக்க ராப்புக்கு இதுதான் அளவு. எங்கே காற்புள்ளி, எங்கே அடைப்புக்குறி என்பதையெல்லாம் பாட்டில் ஏற்றாதீர்கள், அதை விரல்தான் பழக வேண்டும். எதற்குப் பின் எது நடக்கிறது, எங்கே நிற்கிறது என்பதைப் பாட்டில் வையுங்கள். பைனரி தேடலுக்கு (ஒவ்வொரு தடவையும் பாதியை ஒதுக்கிவிட்டுத் தேடுவதற்கு) பாட்டே வேண்டாம். 1024 என்று ஒருவன் சொல்ல, ஒவ்வொரு வரிக்கும் அடுத்தவன் பாதியாக்கிக்கொண்டே போனால், பத்தாவது பாதியில் 1 வந்துவிடும். தாளத்தோடு சொல்லிப் பாருங்கள், ஆயிரம் பேரில் ஒருவரைத் தேடப் பத்துக் கேள்வி போதும் என்பது காதிலேயே ஏறிவிடும்.

வரிகளைப் பிடித்து விசாரிப்பது

வகுப்பை நாலைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கு இரண்டு வரி. எங்கள் வகுப்பில் ஒட்டுப்போட்டுச் சேர்ந்த பாட்டு இது. பேச்சுத் தமிழில் இருக்கிறது, அப்படித்தான் இருக்க வேண்டும்.

உடம்பெல்லாம் சுத்திவந்து ரத்தம் வந்தது களைச்சு
வலப்பக்க ஆரிக்கிள் வாசல்வழி நுழைஞ்சு
மூவிதழ் வால்வு தொறக்க வெண்ட்ரிக்கிள் நிறைஞ்சு
நுரையீரல் தமனிக்குள்ள எகிறுது பாய்ஞ்சு
தமனின்னா நல்ல ரத்தம், யாருடா சொன்னது?
இந்தத் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் குறைஞ்சது
ஹீமோகுளோபின் முதுகுல ஆக்சிஜன ஏத்தி
இடப்பக்க ஆரிக்கிளில் எறங்குது ரூட்ட மாத்தி
ஈரிதழ் தாண்டினதும் எடுக்குது வேகம்
பெருந்தமனி வழியாகப் பெறுது முழு தேகம்

பல்லவி:
லப்புன்னா மேல்கதவு மூடுற சத்தம்
டப்புன்னா வெளிக்கதவு மூடுற சத்தம்
கதவு தொறக்கும்போது சத்தமே இல்ல
ஒருவழிப் பாதையில ஓடுது ரத்தம்

பத்து வரி, பல்லவி இரண்டு தடவை. 18 வரி, 57.6 வினாடி. ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் முதலில் வந்த வரிகள் இப்படி இல்லை. பாடம் நடந்ததே அந்த வரிகளில்தான். 'நீல ரத்தம் நெஞ்சுக்குள்ள வருது' என்று ஒரு குழு எழுதியிருந்தது. புத்தகப் படத்தில் நீலம் அடித்திருப்பதால் வந்த வினை. ஆக்சிஜன் குறைந்த இரத்தமும் சிவப்புதான், கொஞ்சம் கருஞ்சிவப்பு. இரத்தப் பரிசோதனைக்கு ஊசியில் எடுக்கும்போது பார்த்திருப்பீர்களே, அது சிரையிலிருந்து (இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாயிலிருந்து) எடுப்பது என்றேன். 'இதயம் ரத்தத்தச் சுத்தம் பண்ணும்' என்று இன்னொரு குழு. இதயம் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். வாயு மாற்றம் நடப்பது நுரையீரலில், கழிவை வடிகட்டுவது சிறுநீரகத்தில்.

எனக்குப் பிடித்த தகராறு ஆறாவது வரியில் நடந்தது. முதலில் 'இந்தத் தமனி மட்டும் ஆக்சிஜன் குறைஞ்சது' என்று இருந்தது. தாளத்துக்கும் சரியாக விழுந்தது. 'மட்டும்' என்ற சொல்லை வட்டம் போட்டு, தாய் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு வேறு தமனி ஏதாவது இப்படி இருக்கிறதா என்று பார்த்து வரச் சொன்னேன். தொப்புள்கொடித் தமனிகளும் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைத்தான் நஞ்சுக்கொடிக்குக் கொண்டுபோகின்றன. 'மட்டும்' போய் 'ரத்தத்தில்' வந்தது. இன்னொரு வரியில் 'மூச்சுக்காத்து ஆக்சிஜன மொத்தமா ஏத்தி' என்று இருந்தது. உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். வெளிவிடும் காற்றிலும் சுமார் 16 சதவீதம் மிச்சம் இருக்கிறது. அப்புறம் எங்கே 'மொத்தமா'? அந்த இடத்தில் ஹீமோகுளோபின் வந்து உட்கார்ந்தது. பாட்டு எழுதும்போது எதுகைக்காகவும் ஓசைக்காகவும் 'மட்டும்', 'மொத்தம்', 'எப்பவும்', 'எல்லாமே' போன்ற சொற்கள் தானாக வந்து விழும். பொய் புகுந்துகொள்ளும் இடம் பெரும்பாலும் அதுதான். சிவப்புப் பேனாவை அங்கே முதலில் கொண்டுபோங்கள்.

ஓசையில் ஒரு சோம்பேறித்தனம் உண்டு, அதையும் விடாதீர்கள். 'போகுது, வருது, ஓடுது, பாயுது' என்று வினைமுற்றை வைத்தே எல்லா வரியையும் முடித்துவிடலாம். எங்கள் தமிழய்யாவைக் கூப்பிட்டு வந்து எதுகையும் மோனையும் நடத்தச் சொன்னேன். வரியின் முடிவில் மட்டும் ஒலி ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. தமிழில் வரியின் தலையிலும் ஒத்துப்போகலாம் என்று அவர் சொன்ன பிறகு 'மூவிதழ்', 'ஈரிதழ்' எல்லாம் வரியின் முன்னால் வந்து நின்றன. அவருக்கும் மகிழ்ச்சி. யாப்பை இவ்வளவு ஆர்வமாக யாரும் கேட்டதில்லையாம்.

போட்டி வைத்தால் ஒரு விதி கட்டாயம். ராப் போட்டி என்றாலே எதிராளியை மட்டம் தட்டுவது வழக்கம். பள்ளிக்கூடத்தில் அது இரண்டாவது வரியிலேயே நிறம், குடும்பம், தெரு, சாதி என்று போய்விடும். ஆளைத் திட்டக் கூடாது, தவறான கருத்தைத் திட்டலாம். அல்லது பாத்திரம் கொடுத்துவிடுங்கள். ஒரு குழு தமனி, ஒரு குழு சிரை. "என் சுவர் தடிமன், உன் சுவர் மெல்லிசு" என்று தமனி ஆரம்பித்தால், "எனக்குள்ளே வால்வு உண்டு, உனக்கு உண்டா?" என்று சிரை திருப்பிக் கொடுக்கும்.

பிறர் வீடியோவைக் காட்டுவது

கல்வி தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் கிடைக்கின்றன. இதயம் இயங்குவதைக் காட்டும் அனிமேஷன்கள் ஏராளம். முழுசாக ஓடவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள். 2014இல் எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தவர்கள், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்கள் ஈடுபட்டிருக்கும் நேரத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டார்கள். அது தாங்களாகவே சேர்ந்து படிப்பவர்களின் கதை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தின பீரியடில் ஆறு நிமிடமே அதிகம்.

நான் செய்வது, சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டுவது. இரத்தம் எந்த அறைக்குள் நுழைகிறதோ அதன் பெயரைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் நிறுத்திப் பின்னுக்கு ஓட்டுவேன். இரண்டாம் தடவை அவர்கள் பாட்டையே அதன் மேல் பாட வைப்பேன். படமும் வரியும் எங்கே பிசகுகிறதோ அங்கே யாருக்காவது சந்தேகம் இருக்கிறது என்று அர்த்தம்.

பதிவு செய்வது

இரண்டு போன் போதும். ஒன்றில் தாளம், இன்னொன்றில் குரல். தாளத்தைக் காதில் மாட்டிக்கொண்டு பாட வேண்டும், அறையில் சத்தமாக ஓடவிடக் கூடாது. புளூடூத் காதுக்கருவி வேண்டாம். ஒலி கொஞ்சம் தாமதமாக வந்து பாடுபவர் தாளத்தைத் தவறவிடுவார். பழைய கம்பி வைத்தது நல்லது. மின்விசிறியை அணையுங்கள். வகுப்பறைச் சுவர்கள் எதிரொலிக்கும், அதனால் நாங்கள் நூலக அறையில் புத்தக அலமாரிகளுக்கு நடுவில் நின்று பதிவு செய்வோம். வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி, மைக்கின் மேல் மெல்லிய கைக்குட்டை. பாடத் தொடங்கும் முன் தாளத்தோடு சேர்த்து ஒரு கைதட்டு. பின்னால் இரண்டு ஒலிகளையும் ஒட்டும்போது அந்தத் தட்டுதான் அடையாளம்.

ஒட்டுவதற்குக் கணினியில் ஆடாசிட்டி, போனில் பேண்ட்லேப். இரண்டும் இலவசம். ஸ்கிராட்ச் தாளத்தை ஒலிக்கோப்பாக எடுக்க அதில் நேரான வழி இல்லை. ஆடாசிட்டியில், விண்டோஸ் என்றால், 'வாசாபி' என்பதைத் தேர்ந்தெடுத்து 'லூப்பேக்' வைத்தால் கணினிக்குள் ஓடும் ஒலியை அப்படியே பதிவு செய்யும்.

உண்மையான இதய ஒலியே வேண்டும் என்று ஆசை வந்தால், ஒரு புனலின் அகலமான வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, மறுமுனையில் ரப்பர் குழாய் செருகி, குழாயின் வாயைப் போன் மைக்கோடு ஒட்டிவையுங்கள். 1816இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். போனில் இரைச்சல் குறைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள், அது லப்-டப்பையே இரைச்சல் என்று நினைத்து வழித்துவிடும். இதய ஒலி மிகத் தாழ்ந்த சுருதி. போன் ஸ்பீக்கரில் கேட்கவில்லை என்று பதற வேண்டாம், ஹெட்போனில் கேளுங்கள்.

படத்துக்கு முகமே தேவையில்லை. தரையில் சாக்பீஸால் பெரிய இதயம் வரைந்து, நான்கு அறைகளிலும் பிள்ளைகள் நடந்துபோவதை மாடியிலிருந்து எடுத்தால் அதுவே போதும். நுரையீரலுக்குப் போய்த் திரும்பும் இடத்தில் பிள்ளைகள் சிவப்புத் துண்டை மாட்டிக்கொள்ளலாம். வீட்டில் வீடியோவுக்குச் சம்மதிக்காத பெண் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் குரல் கொடுக்கலாம், வரையலாம், நிரல் எழுதலாம். எங்கள் பாட்டில் கடைசி நான்கு வரியைப் பாடிய பிள்ளை வீடியோவில் எங்கேயும் இல்லை.

வரிகளைத் திரையில் போட்டால் கொம்பு, கால் எல்லாம் சரியாக நிற்கிறதா பாருங்கள். சில ஆப்களில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். அப்படியானால் அட்டையில் கையால் எழுதிப் படம் பிடித்துவிடலாம், அழகாகவும் இருக்கும்.

யாருக்குக் காட்டுவது, எப்படிச் சோதிப்பது

யூடியூபில் ஏற்றுவதற்கு முன் தலைமை ஆசிரியரின் அனுமதியும் பெற்றோரின் கையெழுத்தும் எழுத்தில் வேண்டும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள்தான். பெயர், ஊர், பள்ளிச் சீருடையின் சின்னம் எதுவும் தெரிய வேண்டியதில்லை. 'அன்லிஸ்டட்' என்று வைத்தால் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம். 'குழந்தைகளுக்கானது' என்று குறித்துவிட்டால் பின்னூட்டப் பெட்டியே மூடிக்கொள்ளும், பாதித் தலைவலி குறையும். சினிமாப் பாட்டின் இசையைப் பின்னணியில் போட்டால் பதிப்புரிமையைக் கண்காணிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடித்துக்கொள்ளும். நீங்கள் பாடம் நடத்துகிறீர்களா என்று அது பார்க்காது. மேஜைத் தாளத்துக்கும் ஸ்கிராட்ச் தாளத்துக்கும் அந்தத் தொல்லை இல்லை.

சோதனையில் பாடச் சொல்லாதீர்கள். பாட்டு மனதில் ஒரே திசையில்தான் ஓடும். 'நுரையீரல் தமனிக்குப் பிறகு என்ன?' என்று கேட்டால் முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்து விடை சொல்லிவிடுவார்கள். நடுவிலிருந்து பின்னோக்கிக் கேளுங்கள்: "நீ ஒரு சிவப்பணு. இப்போது இடது வெண்ட்ரிக்கிளில் இருக்கிறாய். இதற்கு முன் எந்த வால்வைத் தாண்டினாய்? அதற்கு முன் எந்த இரத்தக் குழாயில் வந்தாய்?" நுரையீரல் சிரை என்று வர வேண்டும். எங்கள் பாட்டில் அந்தச் சொல்லே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எட்டாவது வரியில் 'ரூட்ட மாத்தி' என்று நழுவிவிட்டார்கள். நான் தெரிந்தேதான் விட்டுவைத்தேன். பாட்டில் விடுபட்டது என்ன என்பதே தேர்வின் முதல் கேள்வி. விடுபட்டதைப் பதினாறு இடத்துக்குள் ஒரு வரியாக எழுதுவது இரண்டாம் கேள்வி. பெயர் இல்லாத இதயப் படத்தில் அம்புக்குறி போடுவது மூன்றாவது. இந்த மூன்றையும் எழுதிவிட்டால் பாட்டை மறந்தாலும் எனக்குக் கவலையில்லை.

முடிந்த வீடியோவைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள். இல்லையென்றால் அது சுருக்கிவிடும், சாக்பீஸ் எழுத்து எதுவும் படிக்க வராது.